அரிசோனா கோர்ட்டுக்கு அமீன் சொன்ன பதில்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி, எனக்கு எதிர்க்காத்து ஆகாது. நான் துறையூர் போறேன். நீங்க? புலிவலமா, சரி சரி. பேங்குல வேலையா? கழுத்துல கார்டு தொங்குதே, அதான் கேட்டேன். படிச்சவரா இருக்கீங்க. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. ஒரு மனுஷன் சொந்தப் பேத்தி முகத்தைப் பாக்க எந்தக் கோர்ட்டுக்குத்தான் போறது?

இப்பத்தான் தெப்பக்குளத்துக்கிட்ட ஒரு வக்கீலைப் பாத்துட்டு வர்றேன். திருச்சியிலேயே ஒரு மனு போடுய்யா, குழந்தைக்கு மொட்டை அடிச்சது சமயபுரத்துல, காது குத்தினது சமயபுரத்துல, அப்புறம் நம்ம கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லாம எப்படிப் போகும்னு கேட்டேன். சிரிக்கறான் தம்பி. என் நரைச்ச தலைக்காவது ஒரு மரியாதை வேண்டாமா? "ஐயா, குழந்தை அமெரிக்காவுலயே பொறந்து அங்கேயே வளருது. அங்கத்திய கோர்ட்டு உத்தரவும் போட்டாச்சு. நீங்க வீட்டுக்குப் போயி நிம்மதியா காபி குடிங்க"ங்கறான். காபி குடிக்கவா நான் பஸ் ஏறி வந்தேன்?

நான் யாருன்னு அவனுக்குத் தெரியாது. துறையூர் முன்சீப் கோர்ட்டுல அமீனா இருந்து ரிட்டயர் ஆனவன். அமீன் தில்லைநாயகம்னு கேட்டுப் பாருங்க, இன்னிக்கும் அந்தப் பக்கத்து ஆளுங்க துண்டை இறக்கிட்டுத்தான் பேசுவாங்க. அமீன்னா தெரியும்ல? கோர்ட்டு சம்மனை வீடு தேடிப்போய்க் கொடுக்கறது, ஜப்தி பண்றது, எல்லாம் நாங்கதான். ஜட்ஜு நாற்காலியை விட்டு எந்திரிக்கறதில்ல. வேகாத வெயில்ல சைக்கிளை மிதிச்சுக்கிட்டு ஊர் ஊராப் போனவன் நான். சம்மனைக் கண்டா ஜனங்க என்னென்ன பண்ணுவாங்கங்கறீங்க! நெல்லுக் குதிருக்குள்ள இறங்கி உக்காந்தவனைப் பாத்திருக்கேன். "அவரு செத்துப்போயி வருஷமாச்சு"ன்னு ஒருத்தி தாலியை ரவிக்கைக்குள்ள மறைச்சுக்கிட்டு ஒப்பாரி வைக்கறா, செத்தவரு கொல்லைப்பக்கம் தும்முறாரு.

அதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான் தம்பி. சம்மன் கைக்கு வரலேன்னா கேஸு நகராது. வாய்தா மேல வாய்தா போகும். எதிராளி அலைஞ்சு அலைஞ்சு அலுத்துப்போயி, கடைசியில யாரையாவது பெரிய மனுஷனைப் பிடிச்சுக்கிட்டு சமாதானத்துக்கு வருவான். எத்தனை கேஸு பாத்திருக்கேன்! இதை எந்த லா காலேஜும் சொல்லிக் கொடுக்காது.

என் பையன் தயாளன் ஒஹையோங்கற மாநிலத்துல கம்ப்யூட்டர் வேலை பாத்தான். மருமக சிந்துஜா, அவளும் அதே வேலைதான். பேத்தி பூவிழி. ஒண்ணாங் கிளாஸு. சொந்தமா வீடு, வாசல்ல புல்லு, ரெண்டு காரு. என்ன குறைங்கறீங்க? புருஷன் பொண்டாட்டிக்குள்ள பேச்சு முத்திப் போச்சு. எந்த வீட்டுல இல்லாத சண்டை! அந்த நேரம் பாத்து அவளுக்கு அரிசோனாவுல வேலை கிடைச்சுது. அது நாட்டோட அந்தக் கோடி, பிளேன்லயே நாலு மணி நேரம் போகணும். அங்க அவ அண்ணன் வேற இருக்கான். "கொஞ்ச நாள் தள்ளி இருந்து பாப்போம். நீயும் இங்கயே வேலை தேடிக்கிட்டு வா, உக்காந்து பேசுவோம்"னு இவன்கிட்ட சொல்லிட்டு, குழந்தையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா.

இந்தப் பய அதுக்கும் தயாராத்தான் இருந்தான், வெக்கங்கெட்டவன். நான்தான் போன்ல பிடிச்சு ஏறினேன். பொண்டாட்டி கூப்பிட்டா பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடறதாடா? நாளைக்கு அவ அண்ணன் உன்னை மதிப்பானா? நீ இருக்கற இடத்துல இரு, நான் வர்றேன்னு சொல்லி, விசா எடுத்து, பிளேன் ஏறிட்டேன். என் வீட்டுக்காரி செண்பகத்துக்கு முட்டி வலி, அவ வரல. "நீங்க போயி எதையாவது பேசிக் கெடுத்துடாதீங்க"ன்னு வழியனுப்பறா. நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவான்னு பாத்தேன்!

அங்க பையன் ஒரு வக்கீலம்மாவைப் பிடிச்சு வச்சிருந்தான். மார்த்தான்னு பேரு. அந்தம்மா அடிச்சுச் சொன்னாங்க. "நாளைக்கே இங்க ஒஹையோ கோர்ட்டுல கேஸைப் போடுங்க. குழந்தை ஆறு மாசம் அரிசோனாவுலயே இருந்துட்டா, சட்டப்படி அதுதான் குழந்தையோட வீட்டு மாநிலம்னு ஆயிடும். அப்புறம் கேஸு அங்கதான் நடக்கும்"னாங்க. பையன் கையெழுத்துப் போட பேனாவைத் திறந்துட்டான். நான் பேனாவைப் பிடுங்கி மூடி வச்சேன். டேய், முந்திக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போறவன் பயந்தவன்னு ஆயிடும்டா. அவ போடட்டும். நாம எதிர்வாதியா உக்காருவோம். அலையறதெல்லாம் வாதி, அனுபவிக்கறது எதிர்வாதி. ஆறு மாசத்துல என்னடா ஆயிடும், நம்ம ஊர்ல ஆறு மாசத்துல கேஸுக்கு நம்பர்கூட விழாதுன்னேன். அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அனுபவத்தைக் கண்டா எல்லாருக்கும் ஒரு மலைப்புத்தானே.

அந்த நாட்டுக் கோர்ட்டு எப்படி இருக்குங்கறீங்க? நம்மது ஒரே ஏணி. முன்சீப் கோர்ட்டு, சப் கோர்ட்டு, ஜில்லா கோர்ட்டு, ஹைகோர்ட்டு, டெல்லி. கீழ்ப்படியில கால் வச்சா ஏறிக்கிட்டே போகலாம். அங்க ரெண்டு ஏணி தம்பி. மாநிலத்துக்கு மாநிலம் சொந்தமா ஒரு ஏணி. கீழ கவுண்டி கோர்ட்டு, கவுண்டின்னா நம்ம ஜில்லா மாதிரி. அதுக்கு மேல அப்பீல் கோர்ட்டு. அதுக்கும் மேல அந்த மாநிலத்துக்கே ஒரு சுப்ரீம் கோர்ட்டு. ஆமா, மாநிலத்துக்கு மாநிலம் சுப்ரீம் கோர்ட்டு! இது போதாதுன்னு மத்திய சர்க்காருக்குத் தனியா ஒரு ஏணி, ஃபெடரல்ங்கறாங்க. அதுக்குத் தனி ஜில்லா கோர்ட்டு, தனி அப்பீல் கோர்ட்டு, உச்சியில வாஷிங்டன்ல ஒம்போது ஜட்ஜு. இந்த ஏணியிலேர்ந்து அந்த ஏணிக்கு நெனச்சபடி தாவ முடியாது. ஒஹையோ வக்கீல் அரிசோனா கோர்ட்டுல போய் சும்மா நின்னு வாதாடவும் முடியாது. ஒரே நாடுங்கறான், ஒரே கொடிங்கறான், ஆனா மாநில எல்லையைத் தாண்டினா சட்டம் வேற, வக்கீல் வேற. என்ன நாடோ!

இதைக் கேளுங்க. ஒருநாள் வாக்கிங் போனேன். வீட்டுக்கு வீடு புல்லுல ஒரு பேர்ப் பலகை நட்டு வச்சிருக்காங்க. கவுன்சிலர் எலெக்‌ஷனான்னு கேட்டேன். இல்லப்பா, ஜட்ஜு எலெக்‌ஷன்ங்கறான் பையன். அந்த மாநிலத்துல ஜட்ஜும் ஓட்டுக் கேட்டுத்தான் ஜெயிக்கணுமாம். எங்க முன்சீப் ஐயா ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டாரு, போனா யாராவது கூடப் பேசிடுவாங்கன்னு. அங்க என்னடான்னா ஜட்ஜு சிரிச்ச மொகமா போட்டோ போட்டு ஓட்டுக் கேக்கறாரு.

அது கிடக்கட்டும். ஆறு மாசம் தாண்டிச்சு. என் விசாவைக்கூட ஒரு தடவை நீட்டிச்சோம். ஒருநாள் மத்தியானம், பையன் மாடியில காதுல மாட்டிக்கிட்டு மீட்டிங்ல இருக்கான். வாசல்ல மணி அடிக்குது. திறந்தா ஒரு சின்னப் பொண்ணு. விளையாட்டு ஷூ, முதுகுல பை, கையில ஒரு கவர். டவாலி இல்ல, காக்கி இல்ல. ஆனா அந்த நிக்கற தோரணையைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு தம்பி. ஒரு அமீனுக்கு இன்னொரு அமீனைத் தெரியாதா! "தயாளன்?"னா. "நோ தயாளன். நாட் ஹியர்"னேன். நீங்க யாருன்னு கேட்டா. "ஃபாதர்"னேன். கவரை நீட்டினா. நான் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன். இந்த வித்தையை எத்தனை பேர் என்கிட்டயே காட்டியிருக்காங்க!

அந்தப் பொண்ணு கொஞ்சமும் அலட்டிக்கல. கவரை என் கால்கிட்ட வச்சுது, போன்ல என்னமோ தட்டுச்சு, "ஹேவ் எ நைஸ் டே"ன்னுட்டுப் போயிட்டே இருந்துது. சாட்சிக் கையெழுத்து வாங்கல, அக்கம்பக்கத்துல விசாரிக்கல, கதவுல ஒட்டல. எனக்கு அதோட வேலையைப் பாத்துப் பாவமாத்தான் இருந்துது. சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பொண்ணுன்னு நெனச்சேன். அடுப்படிக்குப் போயி இடுக்கியை எடுத்துட்டு வந்தேன். கை பட்டா வாங்கினதா ஆயிடும் பாருங்க, அதனால இடுக்கியால அந்தக் கவரைக் கவ்வித் தூக்கி, நேரா வெளிக் குப்பைத் தொட்டியில போட்டு மூடினேன். பையன்கிட்ட மூச்சு விடல. சொன்னா உடனே வக்கீலம்மாகிட்ட ஓடுவான். அவனுக்கு என் அளவுக்கு நிதானம் கிடையாது.

கொஞ்ச வாரம் கழிச்சு அரிசோனா கோர்ட்டுலேர்ந்து தபால் வந்துது. எக்ஸ்பார்ட்டி! எதிராளி பதில் போடலேன்னா ஒருதலையா தீர்ப்பு சொல்றோம்ல, அதான். குழந்தை அம்மாகிட்டயே இருக்கணும். பள்ளிக்கூடம், டாக்டர், எல்லா முடிவும் அம்மாதான். அப்பனுக்கு கோடை லீவுல கொஞ்ச நாள், வாரத்துக்கு ஒருதடவை வீடியோ கால். பையன் பாதிப் பாதியாவது குழந்தை தன்கிட்ட இருக்கணும்னு தவிச்சுக்கிட்டிருந்தவன். அதை ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் படிக்கறான். "அப்பா, இவங்க பேப்பர் குடுத்தோம்கறாங்களே, வீட்டுல பெரியவர் ஒருத்தர்கிட்ட குடுத்தோம்னு எழுதியிருக்காங்களே"ங்கறான். நான் பெருமையாச் சொன்னேன், தொடவே இல்லடா, இடுக்கியாலதான் எடுத்தேன்னு. அப்படியே படிக்கட்டுல உக்காந்துட்டான் தம்பி.

அவசரப்படாதேடா, எக்ஸ்பார்ட்டியை உடைக்க ஒரு மனு போதும், எங்க கோர்ட்டுல தினம் பத்து உடையும்னு தைரியம் சொன்னேன். அரிசோனாவுல வேற ஒரு வக்கீலைப் பிடிச்சான், ராமிரெஸ்னு பேரு. அந்தாளு சட்டத்தைப் பிரிச்சுப் பாத்துட்டு ஒரு வழி இருக்குன்னாரு. ஆள் இல்லாதப்ப சம்மனை வீட்டுல இருக்கற இன்னொருத்தர்கிட்ட குடுக்கலாம், ஆனா அவரு அந்த வீட்டுல குடியிருக்கறவரா இருக்கணும். வந்து போற விருந்தாளியா இருந்தா அந்த சம்மன் செல்லாது. சம்மன் செல்லலேன்னா தீர்ப்பும் செல்லாது. முதல்லேர்ந்து கேஸு நடக்கும். உங்கப்பா விசிட்டர் விசாவுலதானே வந்திருக்காரு, திரும்பிப் போக டிக்கெட் இருக்கு, ஊர்ல சொந்த வீடு இருக்கு, அவரு வந்து அதைச் சொன்னாப் போதும்னாரு.

விசாரணைக்கு முதல்நாள் பையன் என் பக்கத்துல உக்காந்து, குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்றான். "அப்பா, ஒரே வார்த்தை. விருந்தாளியா வந்திருக்கேன்னு சொல்லுங்க. அதுதான் உண்மையும்கூட. வேற எதுவும் பேசாதீங்கப்பா. பூவிழி எனக்குத் திரும்பக் கிடைக்கறது உங்க வாயிலதான் இருக்கு." சரிடா சரிடான்னேன். எனக்குக் கோர்ட்டுல பேசச் சொல்லிக் கொடுக்கறான்!

பன்னெண்டு பேரு வரிசையா உக்காந்து கேஸைக் கேப்பாங்கன்னு சொல்லக் கேட்டிருந்தேன், ஜூரின்னு. அவங்களைப் பாத்து நாலு வார்த்தை உருக்கமாப் பேசணும்னு மனசுக்குள்ள தயார் பண்ணி வச்சிருந்தேன். குழந்தை கேஸுக்கெல்லாம் அங்க ஜூரி கிடையாதாம். அவ்வளவு ஏன், கோர்ட்டே கிடையாது! லேப்டாப்பைத் திறந்தா அதுக்குள்ளதான் கோர்ட்டு. திரையைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒரு கட்டத்துல ஜட்ஜு, ஒரு பொம்பளை, கறுப்பு அங்கி. ஒரு கட்டத்துல நம்ம ராமிரெஸ். ஒரு கட்டத்துல அவங்க வக்கீல். எனக்காகத் தமிழ் பேசற ஒரு மொழிபெயர்ப்பு அம்மா. இன்னொரு கட்டத்துல என் மருமக. பக்கத்துல அவ அண்ணன், கையைக் கட்டிக்கிட்டு.

அவங்க வக்கீல் ரொம்பப் பணிவாத்தான் கேட்டாரு. "வீட்டுச் சாவி உங்ககிட்ட இருந்துதா?" இருந்துதுன்னேன். "தபால் யார் எடுப்பாங்க?" நான்தான்னேன். "உங்க மகன் வேலைக்குப் போனா வீட்டை யார் பாத்துக்குவாங்க?" வேற யாரு, நான்தான்னேன். ராமிரெஸ் அங்க தொண்டையைக் கனைக்கறாரு. அப்ப ஜட்ஜம்மாவே நேரா என்னைப் பாத்துக் கேட்டாங்க. "ஐயா, அந்த வீட்டில் நீங்கள் குடியிருந்தவரா, அல்லது விருந்தாளியாக வந்து தங்கியவரா?"

நீங்களே சொல்லுங்க தம்பி. மருமக பாத்துக்கிட்டிருக்கா. சம்பந்தி வீட்டு ஆளு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். அவங்க முன்னாடி, மகன் வீட்டுல நான் விருந்தாளின்னு என் வாயால சொல்லணுமா? நாளைக்கு அந்தப் பய ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க மாட்டான்? நிமிந்து உக்காந்தேன். "அம்மா, எங்க பக்கத்துல அப்பன் மகன் வீட்டுக்கு விருந்தாளியா வர மாட்டான். அது என் வீடு. அந்த வீட்டுக்குப் பெரியவன் நான்"னு சொன்னேன். அந்த மொழிபெயர்ப்பு அம்மா தயங்கறாங்க. "ஐயா, இதை இப்படியே சொல்லட்டா?"ங்கறாங்க. "இப்படியே சொல்லும்மா, ஒரு எழுத்துக் குறையக் கூடாது"ன்னேன். பக்கத்துல பையன் என் தொடையைப் பிடிச்சு அழுத்தறான். கையைத் தட்டிவிட்டேன்.

சத்தியமாச் சொல்றேன், என் சர்வீஸ்ல எத்தனையோ பெரிய வக்கீல் பேசிக் கேட்டிருக்கேன். அன்னிக்கு நான் பேசின மாதிரி எவனும் பேசினதில்ல. ஜட்ஜம்மா என்னமோ குறிச்சுக்கிட்டாங்க. "நன்றி ஐயா, உங்கள் பதில் தெளிவாக இருந்தது"ன்னாங்க. பாத்தீங்களா, ஜட்ஜே பாராட்டினாங்க. அடுத்த அஞ்சு நிமிஷத்துல மனுவைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க! சம்மன் செல்லும், தீர்ப்பும் செல்லும்னு. பாராட்டறது ஒரு வாய், தள்ளறது ஒரு வாய். இது என்ன நியாயம்?

பையன் லேப்டாப்பை மூடினான். பூவிழி ரூமுக்குள்ள போயி, அந்தச் சின்னக் கட்டில்ல காலை மடக்கிக்கிட்டுப் படுத்துட்டான். பசிச்சா வருவான்னு விட்டுட்டேன். ரசம் வச்சேன், அப்பளம் பொரிச்சேன். வரல.

சரி, அப்பீல் இருக்கேன்னு நான் விடல. அப்பீல்ல போயி விலாவாரியாப் பேசிடலாம். சொல்லப்போனா, குழந்தைக்காக, விருந்தாளின்னே சொல்லித் தொலைக்கறேன்னுகூட இறங்கி வந்தேன் தம்பி. என் குணத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ராமிரெஸ் என்ன சொல்றாரு தெரியுமா? அப்பீல் கோர்ட்டுல சாட்சியே கிடையாதாம். மூணு ஜட்ஜு உக்காந்து, கீழ்க்கோர்ட்டுல பதிவானதை மட்டும் படிப்பாங்களாம். புதுசா ஒரு வார்த்தை சேக்க முடியாது, சொன்ன வார்த்தையை மாத்தவும் முடியாது. கீழ ஜட்ஜு சட்டத்துல தப்புப் பண்ணினாங்களான்னு மட்டும்தான் பாப்பாங்களாம். அப்பீல்னா இன்னொருதரம் நம்ம கஷ்டத்தைக் கேக்கறதுன்னுதானே நெனச்சேன்! அப்படியும் போட்டோம். "வீட்டுப் பெரியவர் தாமே அது தன் வீடுங்கறாரு, அப்புறம் கீழ்க்கோர்ட்டு எப்படித் தப்பாகும்"னு தள்ளிட்டாங்க.

அரிசோனா சுப்ரீம் கோர்ட்டு, எடுத்துக்க மாட்டோம்னுது. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை. ரெண்டு மாநிலத்து ஆளுங்க சம்பந்தப்பட்ட தாவா மத்திய சர்க்கார் கோர்ட்டுக்குப் போகலாமாமே, அந்த ஏணிக்குத் தாவுடான்னேன். நான் சொன்னதைக் கேட்டு ராமிரெஸே ஒரு நிமிஷம் அசந்துட்டாரு. அப்புறம் சொல்றாரு, அது வியாபாரத் தாவாவுக்கு, விபத்துக்கு. விவாகரத்து, குழந்தை இதையெல்லாம் ஃபெடரல் கோர்ட்டு தொடாதாம். அப்ப வாஷிங்டன்ல இருக்கற ஒம்போது பேர்கிட்டயாவது போவோம்னேன். அங்க வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல மனு போகுது, அவங்க எடுத்து விசாரிக்கறது நூறுகூடத் தேறாதாம். ஏன் எடுக்கலேன்னு காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லையாம். கேட்டீங்களா அநியாயத்தை! ஏணியை ரெண்டா வச்சிருக்கான், ஒரு படியிலயாவது என்னை உக்கார வச்சு முழுசாக் கேட்டானா?

அதோட பையன் போதும்பான்னுட்டான். என் ரிட்டர்ன் டிக்கெட்டுக்குத் தேதி போட்டான். ஏர்போர்ட்டுல வண்டியில பொட்டியை வச்சுத் தள்ளிக் கொடுத்தான், "மாத்திரையை மறக்காமப் போட்டுக்கங்க"ன்னான். அவ்வளவுதான்.

இதுக்கு மேலதான் விஷயமே. நான் ஊருக்கு வந்த கையோட, அந்த வீட்டைக் காலி பண்ணிட்டு, அரிசோனாவுக்கே குடி போயிட்டான்! அவ வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. அங்கயே வேலை. கோர்ட்டுலயே சமாதானம் பேசி வைக்க ஒரு ஆளு இருக்காராம், அவரு முன்னாடி ரெண்டு பேரும் உக்காந்து பேசி, இந்த நாள் இவன்கிட்ட, அந்த நாள் அவகிட்டன்னு முடிவு பண்ணி, ஜட்ஜும் சரின்னு கையெழுத்துப் போட்டாச்சாம். அங்க முக்காலே மூணுவீசம் கேஸு இப்படிப் பேசியே முடிஞ்சுடுதாம். தீர்ப்பே இல்லாம முடியற கேஸு ஒரு கேஸா தம்பி? அப்புறம் அத்தனை கோர்ட்டு எதுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இதெல்லாம் செண்பகம் போன்ல பேசறதை ஒட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

அவ போனுக்கு மட்டும் தினம் கூப்பிடறான். என் போன்லேர்ந்து வாட்ஸப்புல போட்டா "காலிங்"னே நிக்குது, "ரிங்கிங்"னு வர மாட்டேங்குது. ஏதோ அமெரிக்காவுல லைன் கோளாறு. செண்பகம் போனைக் கேட்டா குடுக்க மாட்டேங்கறா, இடுப்புலயே சொருகிக்கிட்டுக் கோயிலுக்குப் போறா. கடைக்காரன்கிட்ட காட்டினேன், சிம்மை மாத்துங்கங்கறான், மாத்தினேன். ஒரு தடவை போச்சு. மறுபடியும் அதே கோளாறு.

தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க போன்ல வாட்ஸப் இருக்கும்ல? ஒரே ஒரு தடவை. பையன் நம்பர் எனக்கு மனப்பாடம், நான் சொல்றேன், நீங்க அடிங்க. இப்ப அங்க விடிஞ்சு பள்ளிக்கூடம் கிளம்பற நேரம். ரொம்பப் புண்ணியமாப் போகும்... ஆங், அதான், போடுங்க.

ரிங் போகுது! பாத்தீங்களா, உங்க போன்ல போகுது தம்பி. ஹலோ? ஹலோ, யாரு... பூவிழியா? என் தங்கமே! என்ன பண்றே கண்ணு? யாரு தலை சீவறா, அப்பாவா? அப்பாவுக்குப் பின்னல் போடத் தெரியுமா? அம்மா? அம்மாவும் அங்கதான் இருக்காளா? டிபன் பாக்ஸ் கட்டறாளா... அப்படியா... நான்தான்டா, தாத்தா. துறையூர்த் தாத்தா. இல்ல கண்ணு, "யாரோ ஒருத்தர்"னு சொல்லாதே, தாத்தான்னு சொல்லு அப்பாகிட்ட. தாத்தான்னு... ஹலோ, தயாளா? அப்பா பேசறேன்டா. நல்லா இருக்கியாடா? ஹலோ? ஹலோ?

கட் ஆயிடுச்சு. இன்னொரு தடவை போடுங்க தம்பி. அவன்தான் எடுத்தான், மூச்சு விடற சத்தம் கேட்டுது எனக்கு. போட்டீங்களா? "காலிங்"னே நிக்குதா? ரிங் வரலியா? இப்பத்தானே நல்லாப் போச்சு... உங்க போனுக்கும் வந்துடுச்சா அந்தக் கோளாறு? திருவெள்ளறை தாண்டினா டவர் கிடைக்காதுன்னு சொல்லுவாங்க, அதுவாத்தான் இருக்கும்.

தம்பி, முன் சீட்டுல வெள்ளைச் சட்டை போட்டவரு போன் பாத்துக்கிட்டிருக்காரே, அவர்கிட்ட ஒரு நிமிஷம் கேட்டுப் பாக்கறீங்களா?